கூரையில் ஓட்டை போட்டது நீங்கள், குறை மட்டும் டவர் மீதா?

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: கேம்பர்வேனில் நீங்கள் பொருத்திய ஆண்டெனா, ரூட்டர் தொடர்பான புகார்

ஐயா / அம்மா,

நாங்கள் தங்கியபடியே பயணிக்கும் எங்கள் கேம்பர்வேனுக்கு உங்கள் பணிமனையிலேயே கூரை ஆண்டெனாவும் 4ஜி ரூட்டரும் வாங்கி, உங்கள் ஆட்களை வைத்தே பொருத்தினோம். "இனி வண்டிக்குள் சிக்னல் பிரச்சினையே இருக்காது" என்று சொல்லி விற்றீர்கள். ஆனால் ஜன்னலோரம் வைத்த கைப்பேசியின் ஹாட்ஸ்பாட், இந்த ரூட்டரைவிட நன்றாக வேலை செய்கிறது. பயணத்தில் இருந்தபடியே நான் அலுவலக வேலை பார்க்கிறேன், என் மனைவி வீடியோவில் பாடம் எடுக்கிறார். இணையம் அறுந்தால் எங்கள் பிழைப்பே நின்றுவிடும்.

இதைச் சொல்லி உங்கள் சேவை எண்ணை அழைத்த ஒவ்வொரு முறையும் "அந்த இடத்தில் டவர் இல்லை சார்" என்ற பதில்தான் வந்தது. எந்த இடம் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

டவரே எட்டாத இடத்தில் எந்த ஆண்டெனாவும் சிக்னலை உண்டாக்காது என்பது எனக்குத் தெரியும். ஒரே டவரில் கூட்டம் நெரியும் நேரத்தில் வேகம் குறைவதும் உங்கள் குற்றமல்ல. அவற்றைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. கைப்பேசிக்குக் கிடைக்கும் சிக்னல், கூரையில் திறந்தவெளியில் இருக்கும் ஆண்டெனாவுக்கு ஏன் கிடைக்கவில்லை? வண்டியின் இரும்பு உடல் அலைகளைத் தடுக்கிறது என்பதால்தானே ஆண்டெனாவை வெளியே வைக்கிறோம்? அப்படியிருக்க, உள்ளே இருக்கும் கைப்பேசி அதை முந்தினால் தவறு வேறெங்கோ இருக்கிறது என்று உங்கள் ஆட்களுக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்.

ரேடியோ வேலை தெரிந்த நண்பர் ஒருவர் அலமாரியின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்ததும் காரணம் தெரிந்துவிட்டது. உங்கள் ஆண்டெனாவிலிருந்து மூன்று கேபிள்கள் வருகின்றன: இரண்டு மொபைல் சிக்னலுக்கு, ஒன்று வைஃபைக்கு. உங்கள் டெக்னீஷியன் வைஃபை கேபிளை ரூட்டரின் இரண்டாவது மொபைல் துளையில் திருகியிருக்கிறார். மொபைலுக்கு வருவது எஸ்எம்ஏ கனெக்டர், வைஃபைக்கு வருவது ஆர்பி-எஸ்எம்ஏ. இரண்டின் மரையும் ஒன்றுதான், அதனால் சிக்கலில்லாமல் இறுகிக்கொள்ளும். ஆனால் நடுவில் இருக்க வேண்டிய ஊசி எந்தப் பக்கத்திலும் இல்லை. வெளியிலிருந்து பார்த்தால் கச்சிதமான வேலை, உள்ளே தொடர்பே கிடையாது.

4ஜி ரூட்டர் இரண்டு ஆண்டெனா வழிகளையும் சேர்த்துத்தான் முழு வேகம் தரும். ஒரு வழி செத்திருப்பது ரூட்டரின் நிலைப் பக்கத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது. டவர் சிக்னலின் வலிமையைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி அளவு முதல் ஆண்டெனாவில் மைனஸ் 104, இரண்டாவதில் மைனஸ் 131. மைனஸுக்குப் பின் வரும் எண் பெரிதாகப் பெரிதாகச் சிக்னல் பலவீனம் என்று பொருள். இந்தப் பக்கத்தை ஒரு முறை திறந்து பார்த்திருந்தால் வண்டி உங்கள் பணிமனையை விட்டு வெளியேறும் முன்பே கண்டுபிடித்திருக்கலாம். திரையில் எத்தனை சிக்னல் கோடு என்று மட்டும் பார்த்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கோடுகளுக்குப் பொது அளவுகோல் எதுவும் இல்லை, ஒவ்வொரு கருவியும் தன் விருப்பப்படி காட்டும். கனெக்டரை மாற்றிப் போட்டவர் என் நண்பர். மாற்றியவுடன் இரண்டாவது அளவும் முதல் அளவுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ஆனாலும் குறை முழுதாகத் தீரவில்லை. ஆண்டெனாவிலிருந்து ரூட்டருக்கு இரண்டு மீட்டர்கூட இருக்காது. நீங்கள் கொடுத்ததோ ஐந்து மீட்டர் கேபிள். மிச்சத்தைச் சுருட்டி அலமாரிக்குப் பின்னால் திணித்திருக்கிறீர்கள். அதுவும் பேனா ரீஃபில் பருமனுள்ள மெல்லிய கேபிள். இந்த வகைக் கேபிளில் 1800 மெகாஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை டெசிபெல் போய்விடும். ஐந்து மீட்டருக்கு ஏழரை டெசிபெல். மூன்று டெசிபெல் போனாலே சக்தி பாதியாகிவிடும் என்றால், ஏழரைக்கு ஐந்தில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 5 மில்லிமீட்டர் பருமனுள்ள லோ-லாஸ் (இழப்பு குறைந்த) கேபிளில் இதே அலைவரிசையில் மீட்டருக்கு அரை டெசிபெல் அளவில்தான் இழப்பு. அதை இரண்டு மீட்டர் மட்டும் போட்டிருந்தால் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு ரூட்டருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். விலை உயர்ந்த ஆண்டெனாவை விற்றுவிட்டு, அது பிடித்ததையெல்லாம் கேபிளிலேயே தொலைத்திருக்கிறீர்கள்.

பெட்டியின் மேல் பெரிதாக "9 டிபிஐ" என்று போட்டிருக்கிறது, ஆண்டெனா சிக்னலைக் குவித்துப் பிடிக்கும் திறனின் அளவு அது. உள்ளே இருக்கும் தாளைப் படித்தால், அது மிக உயர்ந்த அலைவரிசையில் கிடைக்கும் உச்ச அளவு மட்டும்தான். 700 முதல் 960 மெகாஹெர்ட்ஸ் வரை வெறும் 2 டிபிஐ. ஊரைத் தாண்டி வண்டியை நிறுத்துபவர்களுக்குத் தொலைவிலிருந்து வந்து சேர்வது பெரும்பாலும் இந்தத் தாழ்ந்த அலைவரிசைகள்தான். அந்த எண்ணைப் பொடி எழுத்தில் ஒளித்துவைப்பது முறையல்ல.

என்னை அதிகம் கோபப்படுத்தியது வேறொன்று. உங்கள் ஊழியர் ஒருவர் முதலில் வைஃபை எக்ஸ்டெண்டர் வாங்கச் சொன்னார். வண்டிக்குள் எங்களுக்கு வைஃபை எட்டாமல் இல்லை, ரூட்டருக்கு வெளியிலிருந்து சிக்னல் வரவில்லை. அதைச் சொன்னதும், "அப்போ பூஸ்டர் மாட்டிக்கோங்க, யாரும் கேட்க மாட்டாங்க" என்றார். அனுமதி இல்லாத சிக்னல் பூஸ்டர் பல நாடுகளில் சட்டவிரோதம். அது டவரின் வேலையையே குழப்பி, சுற்றியுள்ள மற்றவர்களின் அழைப்புகளையும் கெடுக்கும். அதில் அவசர உதவிக்கான அழைப்பும் இருக்கலாம். உங்கள் பெயரில் பேசும் ஒருவர் இப்படி ஒரு யோசனை சொல்வதை எப்படி அனுமதிக்கிறீர்கள்?

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, கூரையில் துளை போட்டுப் பொருத்திய பொருளைத் திரும்ப எடுக்க இயலாது என்று பதில் அனுப்பினீர்கள். துளை போட்டதே உங்கள் பணிமனைதானே!

ஆகவே, இக்கடிதம் கிடைத்த 15 நாட்களுக்குள், உங்கள் செலவில், தேவையான நீளத்துக்கு மட்டும் லோ-லாஸ் கேபிள் போட்டுத் தர வேண்டும். வேலை முடிந்ததும் இரண்டு ஆண்டெனாக்களின் ஆர்எஸ்ஆர்பி, எஸ்ஐஎன்ஆர் (இரைச்சலைவிடச் சிக்னல் எவ்வளவு மேலே இருக்கிறது என்பது) அளவுகளை என் முன்னால் எடுத்து எழுதிக் கையொப்பமிட்டுத் தாருங்கள். கூரைத் துளையில் நீர் கசியாது என்பதற்கு எழுத்துப்பூர்வ உத்தரவாதமும் வேண்டும். இது முடியாதென்றால் முழுத் தொகையையும் திருப்பிக் கொடுத்து, கூரையைப் பழையபடி அடைத்துத் தாருங்கள். இதே டெக்னீஷியன் பொருத்திய மற்ற வண்டிகளையும் கூப்பிட்டுச் சோதியுங்கள். அவர்களும் டவரைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள்.

பில்லின் நகல், கழற்றிய கனெக்டரின் படங்கள், ரூட்டர் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்கள் ஆகியவற்றை இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள், தொலைபேசியில் வேண்டாம். தவணைக்குள் பதில் வராவிட்டால் நுகர்வோர் குறைதீர்ப்பு அமைப்பிடம் இதே ஆவணங்களுடன் செல்வேன்.

இப்படிக்கு,
இணைத்துள்ள பில்லுக்குரிய வாடிக்கையாளர்