நீரோட்டம் கூட்டிக் கழிக்கும் கணக்கு அன்று

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் நெடுந்தூர நீச்சல் கட்டுரையில், போகும்போது நீரோட்டம் செய்யும் உதவியும் வரும்போது அது செய்யும் தடையும் ஈடாகிவிடும் என்று ஒரு வரி வந்திருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகளாகத் தங்கள் இதழை விடாமல் வாங்கிவரும் எனக்கு அதைப் படித்த அன்று மனம் ஆறவில்லை.

மணிக்கு 4 கி.மீ. நீந்துகிறவர், 2 கி.மீ. வேகத்தில் ஓடும் நீரில் 6 கி.மீ. சென்று திரும்புவதாகக் கொள்வோம். நீரோடு போக 1 மணி நேரம், எதிர்த்து வர 3 மணி நேரம், ஆக 4 மணி நேரம் ஆகும். அசையாத நீரில் இதே தூரத்துக்கு 3 மணி நேரம் போதும். உதவி சிறிது நேரமே கிடைக்கிறது, தடையோ நெடுநேரம் நீடிக்கிறது. பிறகு எப்படி ஈடாகும்? 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சென் ஆற்றை எதிர்த்து நீந்தியவர்கள், ஓட்டம் குறைந்த கரைச்சுவரை ஒட்டியே போனதைத் தாங்களும் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாண்டுகளுக்கு முன், மேற்கு வங்கத்தின் முர்ஷிதாபாத்தில் பாகீரதி ஆற்றின் 81 கி.மீ. போட்டியில் முதலில் வருபவர்கள் 12 மணி நேரத்துக்குள் முடிப்பதை வைத்து, அவர்கள் ஒலிம்பிக் வீரர்களையும் விஞ்சியவர்கள் என்று எழுதினீர்கள். 1500 மீட்டரில் அமெரிக்க நீச்சல் வீரர் பாபி ஃபிங்கின் உலக சாதனையே மணிக்குச் சுமார் 6.2 கி.மீ. வேகம்தான். அதைவிட விரைவாக நாள் முழுவதும் ஒருவரைக் கொண்டுசெல்வது ஆறு. அவர்களுடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆற்றின் பங்கை மறைப்பதுதான் அவர்களுக்குச் செய்யும் அநீதி. அன்று நான் எழுதிய கடிதம் வெளிவரவில்லை.

ஆங்கிலக் கால்வாயை மட்டும் எப்போதும் 33 கி.மீ. என்றே அச்சிட்டு, அதை நேரத்தால் வகுத்து, நீந்தியவரை மந்தமானவராகக் காட்டுகிறீர்கள். அங்கே ஓதம், அதாவது கடல் ஏற்ற இறக்கத்தால் எழும் நீரோட்டம், ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை திசை மாறிக் கரைக்கு இணையாக ஓடுவதால், கடப்பவரின் பாதை வளைந்து நீள்கிறது. 1875-இல் மேத்யூ வெப் 21 மணி 45 நிமிடத்தில் கடந்தபோது, அவர் சென்ற வழி 60 கி.மீ.க்கும் கூடுதல்.

தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். கரை கண்ணுக்குத் தெரிந்த பிறகு நீவாடு, அதாவது கடல் நீரோட்டம், எனக்கு எதிராகத் திரும்பியது. இரண்டு மணி நேரம் கை ஓயாமல் போட்டும் அரை கி.மீ. கூட நகரவில்லை, நின்றால் பின்னே போய்விடுவோம் என்று படகிலிருந்த மீனவ அண்ணன் கத்திக்கொண்டே இருந்தார். மறுநாள் ஒரு நாளிதழ் நான் கடைசியில் சோர்ந்து வேகம் இழந்ததாக எழுதியது. அந்த இரண்டு மணி நேரத்தில்தான் என் வாழ்நாளிலேயே மிக விரைவாக நீந்தினேன், ஐயா.

நீச்சல் செய்திகளில் தூரம், நேரம் ஆகியவற்றுக்குப் பக்கத்தில், நீரோட்டம் எந்தத் திசையில் இருந்தது என்ற ஒரு வரியையும் இனிமேல் சேர்க்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
இராமநாதபுரம்