மவுத்து என்ற மரணத்துக்குப் பயப்படும் என் மகளுக்கு

கீழக்கரை
வெள்ளிக்கிழமை

என் கண்ணான மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை நானும் கேட்டேன், துபாயில் இருக்கும் உன் வாப்பாவும் கேட்டார்கள். போனில் பேசினால் நீ அழுவாய், உன்னைக் கேட்டு நானும் அழுதுவிடுவேன், சொல்ல வேண்டியது பாதியில் நின்றுபோகும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

"எனக்கு மவுத்து நெருங்கிடுச்சு உம்மா, அதான் மனசு இப்படி அடிச்சுக்குது, அல்லாஹ் முன்கூட்டியே காட்டுறான்" என்று சொன்னாய் அல்லவா? முதலில் அதற்குப் பதில் சொல்கிறேன். அப்படி இல்லை, மகளே. குர்ஆனில் லுக்மான் சூராவின் கடைசி வசனத்தை நீ மதரஸாவில் ஓதியவள்தானே. நாளைக்குத் தான் என்ன சம்பாதிக்கப் போகிறோம் என்பது எந்த உயிருக்கும் தெரியாது, எந்த மண்ணில் மவுத்தாவோம் என்பதும் எந்த உயிருக்கும் தெரியாது என்று அல்லாஹ் அதில் சொல்கிறான். உன் உயிரும் அதில் சேர்த்திதான். தெரியாது என்று அவனே சொன்ன ஒன்றை, ராத்திரி இரண்டு மணிக்கு வரும் நெஞ்சுப் படபடப்பு உனக்கு எப்படித் தெரிவிக்கும்? மவுத்துக்கு 40 நாளைக்கு முன்பே அல்லாஹ்வின் சிம்மாசனமான அர்ஷுக்குக் கீழே உள்ள மரத்திலிருந்து பெயர் எழுதிய இலை உதிரும், அப்போதிருந்தே அறிகுறி தெரியும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதற்கு ஆதாரப்பூர்வமான ஹதீஸ், நபிமொழி எதுவும் கிடையாது. அதை உனக்கு யார் அனுப்பினாலும் இனிமேல் திறந்து பார்க்காதே.

அடுத்தது, இது ஈமான், இறைநம்பிக்கை, குறைந்ததால் வந்த பயமோ என்ற கவலை. அல்லாஹ்வைச் சந்திக்க விரும்புகிறவரை அல்லாஹ்வும் சந்திக்க விரும்புகிறான், அதை வெறுப்பவரை அவனும் சந்திக்க வெறுக்கிறான் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். உடனே நபியவர்களின் மனைவி ஆயிஷா (ரலி) அவர்கள், மவுத்தை வெறுப்பதையா சொல்கிறீர்கள், நாங்கள் எல்லோருமே மவுத்தை வெறுக்கிறோமே என்று கேட்டார்கள். நன்றாகக் கவனி, "நாங்கள் எல்லோரும்". முஃமின்களின், நம்பிக்கை கொண்டவர்களின் அன்னை தன்னையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். நபியவர்கள் அவர்களைக் கண்டிக்கவில்லை. அது அப்படியல்ல, முஃமினுக்கு உயிர் போகும் நேரத்தில் அல்லாஹ்வின் ரஹ்மத் என்ற அருளையும் திருப்தியையும் கொண்டு நற்செய்தி சொல்லப்படும், அப்போது அவர் அல்லாஹ்வைச் சந்திக்க ஆசைப்படுவார் என்று விளக்கினார்கள். அந்த ஆசை அந்த நேரத்தில் வருவது. இருபது வயதில், ஹாஸ்டல் கட்டிலில் படுத்திருக்கும்போது, பரீட்சைக்கு முந்தின வாரம் அது ஏன் வரவில்லை என்று உன்னை நீயே விசாரிக்க வேண்டியதில்லை.

அல்லாஹ்வைத் தவிர வணக்கத்துக்குரியவன் இல்லை என்ற கலிமா விஷயமும் அதே மாதிரிதான். சொல்லாமல் இருக்கும் ஒரு நொடியில் உயிர் போய்விடுமோ என்று நாக்கு வறள வறளச் சொல்லிக்கொண்டே இருக்கிறாய். வகுப்பில் பாடம் காதில் ஏறவில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்கிறாய். யாருடைய கடைசி வார்த்தை லா இலாஹ இல்லல்லாஹ்வாக இருக்கிறதோ அவர் சொர்க்கம் நுழைவார் என்ற ஹதீஸ் நமக்குச் சொல்லப்பட்ட நற்செய்தி. அதையே நீ கழுத்துக்குச் சுருக்காக மாட்டிக்கொண்டாய். தொழுகை இல்லாத மாதவிடாய் நாட்களில் மவுத்தானால் என்ன ஆவது என்ற பயமும் வேண்டாம். அந்த நாட்களில் தொழ வேண்டாம் என்று சொன்னதே அல்லாஹ்வின் மார்க்கம்தான். அந்தச் சட்டத்தின்படி தொழாமல் இருப்பதும் கீழ்ப்படிதல்தான். அப்போதும் அல்லாஹ்வை நினைக்கும் திக்ரு செய்யலாம், துஆ கேட்கலாம்.

இனி உடம்பைப் பற்றி. அன்று இரவு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினாயே, ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு இதயத்தில் ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள். பீதி உச்சத்துக்குப் போகும்போது மூச்சு வேகமாகிவிடும். வேகமாக மூச்சு விட்டால் இரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறையும். விரல் நுனி மரத்துப்போவதும் உதட்டைச் சுற்றிக் குறுகுறுப்பதும் தலை சுற்றுவதும் அதனால் வருபவை. அது பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்கு ஏறும், பிறகு தானாகவே இறங்கும். உயிர் போவது போலவே இருக்கும், ஆனால் உயிரை எடுக்காது. அந்த நேரத்தில் கூகுளில் தேடாதே. கையில் கட்டியிருக்கும் வாட்சில் நாடித்துடிப்பைப் பார்க்காதே, முடிந்தால் அந்த வாட்சையே கழற்றிவை. பார்த்ததும் ஒரு நிமிடம் நிம்மதி கிடைக்கும், ஆனால் அடுத்த முறை மனசு அதைவிட அதிகமாகப் பார்க்கச் சொல்லும். தரையில் காலை ஊன்றி உட்கார்ந்து, மூச்சை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக விடு. வந்தது போகட்டும் என்று இரு.

உன் போனில் வரும் பயான், மார்க்கச் சொற்பொழிவு வீடியோக்களையும் பற்றிச் சொல்ல வேண்டும். கபுரின், மண்ணறையின் படத்தைப் போட்டு, பாம்பின் சீறல் சத்தத்தைப் பின்னால் ஓடவிட்டுப் பேசுகிறார்கள். தொழுகையை விட்டவருக்குப் பதினைந்து தண்டனைகள் என்று ஒன்றை விடாமல் பகிர்கிறார்கள். அது இட்டுக்கட்டப்பட்டது, ஹதீஸ் கலையில் பெரிய இமாமான இப்னு ஹஜர் அவர்களே அதைப் பொய் என்று சொல்லிவிட்டார்கள். நபியவர்கள் பெயரில் பொய் சொல்லித்தான் பிள்ளைகளைத் தொழவைக்க வேண்டும் என்ற நிலையில் நம் மார்க்கம் இல்லை. எனக்கு இதில் கோபமே வருகிறது.

கபுரின் வேதனை இல்லை என்று நான் சொல்லவில்லை, அது உண்மையான ஹதீஸ்களில் இருக்கிறது. ஆனால் அதை நபியவர்கள் எந்த இடத்தில் வைத்தார்கள் என்று பார். தொழுகையில் உட்கார்ந்து ஓதும் அத்தஹிய்யாத்தின் கடைசியில், சலாம் கொடுப்பதற்கு முன்னால் நாலு விஷயங்களிலிருந்து பாதுகாப்புத் தேடச் சொன்னார்கள். நரகத்தின் வேதனை, கபுரின் வேதனை, வாழ்வின் மரணத்தின் சோதனை, கடைசிக் காலத்தில் வரும் ஏமாற்றுக்காரன் தஜ்ஜாலின் தீங்கு. நாலையும் கேட்டு முடித்ததும் வலது பக்கம் சலாம், இடது பக்கம் சலாம், எழுந்து நம் வேலையைப் பார்க்கப் போகிறோம். பயத்துக்கு அவ்வளவு இடம்தான் கொடுத்திருக்கிறார்கள். யாரிடம் கேட்க வேண்டுமோ அவனிடம் கேட்டாகிவிட்டது. நீ சலாம் கொடுத்த பிறகும் தொழுகை விரிப்பிலேயே உட்கார்ந்து, கேட்டது சரியாக வந்ததா என்று திரும்பத் தொழுகிறாய். அது வஸ்வாஸ், மனசை அரிக்கும் வீண் சந்தேகம், மகளே. ஒரு முறை தொழுதால் போதும், சந்தேகம் வந்தாலும் எழுந்துவிடு.

அப்புறம், இதுவரை உன்னிடம் விவரமாகப் பேசாத ஒன்று. நம் மொஹல்லாவில் பெண்கள் யாராவது மவுத்தானால் குளிப்பாட்ட என்னைக் கூப்பிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். நான் திரும்பி வரும்போது நீ என் முகத்தைப் பார்க்காமல் அறைக்குள் போய்விடுவாய். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால், நீயாக ஏதேதோ கற்பனை செய்து வைத்திருக்கிறாய். நான் சொல்கிறேன். இலந்தை இலை போட்ட தண்ணீரை என் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பேன். கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் சூடுதான் இருக்க வேண்டும். உடம்பைத் துணியால் மூடியபடியேதான் கழுவுவோம். வலது பக்கத்திலிருந்து, தொழுகைக்கு முன் கழுவும் உளூவின் உறுப்புகளிலிருந்து தொடங்குவோம். அழுத்தித் தேய்க்க மாட்டோம். மவுத்தானவரின் எலும்பை முறிப்பது உயிரோடு இருப்பவரின் எலும்பை முறிப்பது போன்றது என்று நபியவர்கள் சொன்னதை அங்கே இருக்கும் பெரியும்மா புதிதாக வருகிறவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்வார்கள். கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்போம். தலைமுடியை மெதுவாகச் சீவி மூன்று பின்னலாகப் பின்னுவோம்.

இந்தப் பின்னல் எங்கிருந்து வந்தது தெரியுமா? நபியவர்களின் மகளார் வஃபாத்தானபோது உம்மு அதிய்யா (ரலி) அவர்களும் வேறு சில பெண்களும் குளிப்பாட்டினார்கள். மூன்று முறையோ ஐந்து முறையோ தேவைப்பட்டால் அதற்கு மேலுமோ கழுவுங்கள், முடிந்ததும் எனக்குச் சொல்லுங்கள் என்று நபியவர்கள் சொல்லியிருந்தார்கள். அவர்கள் சொல்லி அனுப்பியதும், தம் இடுப்பில் கட்டியிருந்த வேட்டியைக் கழற்றிக் கொடுத்து, இதை அவள் உடம்போடு ஒட்டினாற்போல் சுற்றுங்கள் என்றார்கள். அன்றைக்குப் பின்னிய மூன்று பின்னலைத்தான் நாங்கள் இன்றும் பின்னுகிறோம். நீ இருட்டு, தனிமை, யாருமில்லாமை என்றே நினைக்கிறாய். நான் கண்ட வரை, ஒரு பெண்ணை அவ்வளவு பொறுமையாக, அவ்வளவு கூச்சம் காத்து, அவ்வளவு பேர் கவனித்துக்கொள்ளும் நேரம் வேறு இல்லை. அதன் பிறகு நடப்பது அல்லாஹ்வின் பொறுப்பில் இருக்கிறது.

அந்த அல்லாஹ் யார் என்பதில்தான் நீ தடுமாறுகிறாய் என்று எனக்குத் தோன்றுகிறது. கைதிகளில் ஒரு பெண் தன் குழந்தையைத் தேடி அலைந்து, கிடைத்ததும் மாரோடு அணைத்துப் பாலூட்டினாள். இவள் தன் பிள்ளையை நெருப்பில் போடுவாளா என்று நபியவர்கள் கேட்டார்கள். தன்னால் முடிந்தவரை போடமாட்டாள் என்றார்கள் நபியின் தோழர்களான சஹாபாக்கள். இவள் தன் பிள்ளை மீது காட்டும் இரக்கத்தைவிட அல்லாஹ் தன் அடியார்கள் மீது அதிக இரக்கமுள்ளவன் என்றார்கள் நபியவர்கள். முதல் வருடம் ஹாஸ்டலில் சுப்ஹு, அதிகாலைத் தொழுகை, தவறிப்போனதைப் பெரிய குற்றமாகச் சுமக்கிறாய். தவ்பா செய்து மன்னிப்புக் கேள், விட்டுப்போன தொழுகைகளைக் களாவாக ஒவ்வொன்றாக நிறைவேற்று. உனக்கு ஒன்று என்றால் நான் எப்படித் துடிப்பேன் என்று உனக்குத் தெரியும். நபியவர்கள் சொன்ன கணக்கில் நான் உன் மீது வைத்திருக்கும் இரக்கம் குறைவானது.

சரி, டாக்டரிடம் போவது அல்லாஹ்வையே நம்பியிருக்கும் தவக்குலுக்கு எதிரானது என்று உன் தோழி சொன்னாளாம். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஷாமுக்கு, சிரியாப் பக்கம் போகும் வழியில் அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதைக் கேள்விப்பட்டுத் திரும்பினார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று தளபதி அபூ உபைதா (ரலி) கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் விதியிலிருந்து அல்லாஹ்வின் விதிக்கே ஓடுகிறோம் என்றார்கள் உமர் (ரலி) அவர்கள். மனசுக்கு வரும் நோயும் அப்படித்தான். சுமார் 1,100 வருடங்களுக்கு முன்பே அபூ ஸைத் அல் பல்கீ என்ற அறிஞர், உடம்புக்கு மருத்துவம் இருப்பது போல மனசுக்கும் வேண்டும் என்று எழுதி, அதீத பயத்தையும் விடாமல் துரத்தும் எண்ணங்களையும் தனித்தனியாக விளக்கினார். நம் ஆட்களுக்குப் புதிய விஷயம் இல்லை இது.

அதனால் மனநல மருத்துவரைப் பார். தைராய்டு, ஹீமோகுளோபின் இரண்டையும் சோதிக்கச் சொல், அவற்றில் கோளாறு இருந்தாலும் நெஞ்சு படபடக்கும். கவுன்சிலிங்குக்கு வரச்சொன்னால் தவறாமல் போ. மாத்திரை கொடுத்தால் பலன் தெரிய சில வாரம் ஆகும், இரண்டு நாளில் ஒன்றும் நடக்கவில்லை என்று நிறுத்திவிடாதே. ராத்திரி நேரத்தில் ரொம்ப முடியவில்லை என்றால் 14416-க்குக் கூப்பிடு. அரசாங்கத்தின் டெலி மானஸ் எண் அது, எந்நேரமும் இருப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இந்தப் பயத்தோடு இருப்பதற்குச் செத்தே போகலாம் என்று ஒரு தடவை தோன்றினாலும் அந்த நிமிடமே எங்களை எழுப்பிச் சொல்ல வேண்டும். வாப்பாவும் அதைத்தான் சொல்லச் சொன்னார்கள்.

தூங்கினால் எழுந்திருக்க மாட்டேனோ என்று விழித்தே கிடக்கிறாய். உள்ளங்கைகளைச் சேர்த்து குல்ஹுவல்லாஹு, ஃபலக், நாஸ் சூராக்களை ஓதி ஊதி, உடம்பில் தடவிக்கொண்டு வலது பக்கம் சாய்ந்து படு. "பிஸ்மிக்க அல்லாஹும்ம அமூத்து வ அஹ்யா", உன் பெயராலேயே மரணிக்கிறேன், உயிர்பெறுகிறேன். ஒரு முறை சொன்னால் போதும், எண்ண வேண்டாம். போனை எதிர் மேசையில் வைத்துவிடு. மாலைக்குப் பிறகு காபி குடிக்காதே.

சனிக்கிழமை டாக்டரைப் பார்க்கத் தனியாகப் போகாதே, அறைத்தோழியைக் கூட்டிக்கொண்டு போ. வெளியே வந்ததும் எனக்கு போன் போடு. மாத்திரைச் சீட்டை போட்டோ எடுத்து அனுப்பு. நான் வந்து இருக்க வேண்டும் என்று தோன்றினால் சொல், அன்று ராத்திரியே ராமநாதபுரத்தில் ரயில் ஏறிவிடுவேன்.

வஸ்ஸலாம்.

உன் உம்மா