வேளச்சேரி வீட்டு அட்வான்ஸை விட்டுவிடாதே

பிரியமுள்ள மகளுக்கு,

நேற்று ராத்திரி போனில் "போனா போகட்டும்மா, அவங்ககிட்ட யாரு சண்டை போட" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய், அப்புறம் எனக்குத் தூக்கமே வரவில்லை. வீட்டைக் காலி பண்ணப்போகிறாய், 70,000 ரூபாய் அட்வான்ஸில் 25,000 ரூபாயை பெயின்டுக்குப் பிடித்துக்கொள்வேன் என்று வீட்டுக்காரர் சொன்னால், சரிங்க சார் என்று தலையாட்டிவிட்டு வருவாயா ஏட்டி? வேலைக்குச் சேர்ந்த புதிதில் மத்தியானம் தயிர்சாதத்தோடு முடித்துக்கொண்டு சேர்த்த காசு அது.

1996இல் நாம் பாளையங்கோட்டை சமாதானபுரத்தில் வாடகைக்கு இருந்தோம். நீ அப்போது கைக்குழந்தை. முன்னறையில் உங்க தாத்தா சாய்ந்து உட்காரும் இடத்தில், தலை படும் உயரத்தில் ஒரு எண்ணெய்க்கறை, சின்னத் தட்டு அளவுக்கு. காலி பண்ணுவதற்கு முந்தின நாள் சீயக்காய்த் தூளும் தேங்காய் நாரும் வைத்துத் தேய்தேய் என்று தேய்த்தேன், கறை போகவில்லை, சுண்ணாம்புதான் பெயர்ந்து வந்தது. மறுநாள் வீட்டுக்காரர் அந்தக் கறையில் விரலை வைத்து, வீடு முழுக்க வெள்ளை அடிக்கணும் என்றார். 6,000 ரூபாய் அட்வான்ஸில் 3,500 போயிற்று, மீதியையும் நாலு மாதம் அலையவிட்டுத்தான் கொடுத்தார். பெரிய மனுஷர், முகத்தைப் பார்த்து எப்படிக் கேட்க என்று உங்க அப்பா வாயே திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் கம்மலை அடகு வைத்துத்தான் அடுத்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம். அந்த 3,500 ரூபாய் இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது, அதனால்தான் உன்னை விடமாட்டேன் என்கிறேன்.

காலையில் முதல் வேலையாக, வக்கீல் ஆபீஸில் இருக்கிற எதிர்வீட்டுத் தம்பியிடம் கேட்டேன். 2017இல் போட்ட வாடகைச் சட்டம், 2019 பிப்ரவரியில் இருந்து நம்ம தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறதாம். வீட்டை ஒப்படைத்த ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸைத் திருப்பித் தந்துவிட வேண்டும், நாம் கொடுக்க வேண்டிய பாக்கி இருந்தால் அதை மட்டும் கழிக்கலாம். சுவருக்கு வெள்ளை அடிக்கிறது, கதவு ஜன்னலுக்கு பெயின்ட் அடிக்கிறது எல்லாம் வீட்டுக்காரர் பொறுப்பு என்றே அதன் அட்டவணையில் போட்டிருக்கிறது. ஆனால் ஒப்பந்தத்தில் நீ வேறு மாதிரி ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டிருந்தால் கதை மாறும், அதனால் முதலில் அந்தப் பத்திரத்தை எடுத்து ஒரு வரி விடாமல் படி. குழாய் வாஷர், சுவிட்ச், உடைந்த ஜன்னல் கண்ணாடி இதெல்லாம் நம்ம பாடு. பாத்ரூம் குழாய் சொட்டுகிறது என்றாயே, நாளைக்கே பிளம்பரைக் கூப்பிட்டு மாற்றி ரசீதை வைத்துக்கொள். நம்ம பக்கம் ஒரு குறை இருக்கக் கூடாது.

சாமான் ஏற்றின பிறகு, வெறும் வீட்டை அறை அறையாக நிதானமாக வீடியோ எடு, அடுக்களை மேடை, வாஷ்பேசின் அடிப்பக்கம்கூட விடாதே. ஈபி மீட்டரை நம்பர் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து, அதுவரைக்கும் உள்ள கரண்ட் காசைக் கட்டிவிடு. சாவியை வாட்ச்மேன் கையில் கொடுத்துவிட்டு ஓடி வராதே. வீட்டுக்காரர் கையிலேயே கொடுத்து, இன்ன தேதியில் வாங்கிக்கொண்டேன் என்று ஒரு வரி எழுதி வாங்கு. அவர் மாட்டேன் என்றால் அன்றைக்கே வாட்ஸ்அப்பில் நீ எழுதிப் போடு: இன்றைக்குச் சாவி கொடுத்துவிட்டேன், ஒரு மாதத்துக்குள் அட்வான்ஸை என் கணக்கில் போட்டுவிடுங்கள், ஏதாவது பிடிப்பதாக இருந்தால் எதுக்கு எவ்வளவு என்று பில்லோடு சொல்லுங்கள். மரியாதையாகவே எழுது, ஆனால் எழுத்தில் இருக்கட்டும். போனில் பேசினது காற்றோடு போய்விடும்.

ஒரு மாதம் தாண்டினால் வக்கீல் நோட்டீஸ். அதுக்குச் செலவாகுமே என்று யோசிக்காதே, சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு இலவசமாகவே பார்த்துக் கொடுப்பார்கள், எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் சரி. அதுக்கும் மேலே வாடகை அதிகாரி என்று கலெக்டர் போட்ட ஆள் இருக்கிறார், அவரிடம் மனு கொடுக்க முடியுமா என்று அந்த ஆணைக்குழுவிலேயே கேட்டுக்கொள்.

சாவி கொடுக்கிற அன்று உனக்குத் தனியாக நிற்கக் கூச்சமாக இருந்தால் தேதியைச் சொல், முந்தின நாள் ராத்திரி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறேன். உன் பக்கத்தில் சும்மா நிற்பேன், நீதான் பேச வேண்டும். மீட்டர் போட்டோவை எனக்கும் ஒன்று அனுப்பு.

அம்மா