முதலில் கூரையைக் காலி செய்

அன்புள்ள கண்ணு,

நேற்று நீ போனில் பேசியதிலிருந்து, சமைத்துத் தூங்கி ஊர் சுற்றும் உன் மோட்டார்ஹோம் வண்டி நினைப்பாகவே இருக்கிறது. மெல்பர்னிலிருந்து சிட்னி போய்வந்ததில் லிட்டருக்கு 6 கிலோமீட்டர்கூடத் தேறவில்லை, எஞ்சினைப் பிரித்துப் பார்க்கச் சொல்லலாமா என்று கேட்டாய். வேண்டாம். நீ அனுப்பிய போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கூரைமேல் பெட்டி, பெட்டிக்குப் பின்னால் நிமிர்ந்து நிற்கும் இரண்டு சைக்கிள். முதலில் அவற்றை இறக்கு.

நாமக்கல்லிலிருந்து முப்பது வருஷம் லோடு ஏற்றி ஓடியவன் சொல்கிறேன். தார்ப்பாயின் ஒரு முனையில் கயிறு அவிழ்ந்துவிட்டால், அது படபடவென்று அடிக்கும் சத்தம் காதுக்கு வருவதற்கு முன்னாலேயே ஆக்சிலேட்டரை மிதிக்கும் காலில் தெரிந்துவிடும். ஓரங்கட்டி இழுத்துக் கட்டிவிட்டு ஏறினால் வண்டி தானாக ஓடுவது போல இருக்கும். உன் வண்டியே ஒரு சுவர் மாதிரி காற்றை முட்டிக்கொண்டு போகிறது. அதன் தலையில் இன்னொரு சுவர் எதற்கு?

அப்புறம் வேகம். 90-லிருந்து 110-க்குப் போனால் காற்றின் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகிவிடும். ஹியூம் நெடுஞ்சாலையில் 110 போகலாம் என்பதற்காக நீயும் போக வேண்டியதில்லை. இடது லேனில் 90-ல் நிதானமாகப் போ. சிட்னிக்குக் கூடுதலாக ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகும், அவ்வளவுதான்.

பாரம் சமதளத்தில் அவ்வளவாக டீசல் குடிக்காது. ஏற்றத்திலும், நின்று நின்று கிளம்பும் ஊருக்குள்ளும்தான் குடிக்கும். தொப்பூர் ஏற்றத்தில் லோடு வண்டி இரண்டாவது கியரில் முனகும்போது ஒவ்வொரு மூட்டையும் எனக்குத் தெரியும். தண்ணீர் 1 லிட்டர் 1 கிலோ. உன் 120 லிட்டர் தண்ணீர் டேங்கை வீட்டிலேயே நிரப்பிக்கொண்டு கிளம்பாதே. தங்கும் இடத்தில் தண்ணீர் உண்டென்றால் அங்கே பிடித்துக்கொள். நல்லார்பார் வறண்ட சமவெளிப் பக்கம் போனால் மட்டும் கஞ்சம் பார்க்காமல் நிரப்பிக்கொள். கழிவுநீர்த் தொட்டி காலியாக இருக்கட்டும். கிரைண்டரை வீட்டில் வைத்துவிட்டு மாவை அரைத்து எடுத்துக்கொண்டு போ என்கிறாள் அம்மா. எல்லாம் ஏற்றிய பிறகு ஒருதரம் எடைமேடையில் நிறுத்திப் பார். அனுமதித்த எடையைத் தாண்டினால் பிரேக்கும் டயரும் தாங்காது.

டயரில் காற்றைக் காலையில், வண்டி ஓடுவதற்கு முன்னால் பார்க்கச் சொல்லு மாப்பிள்ளையிடம்.

அடுத்த முறை டீசல் டேங்க் நிரப்பும்போது ஓடிய கிலோமீட்டரும் போட்ட லிட்டரும் எழுதி அனுப்பு. நான் கணக்குப் போட்டு வைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா