கீழாநெல்லிச் சாரம், எலி வயிறு, எடைக் குறிப்பு

அன்புள்ள கண்ணு,

கீழாநெல்லிச் சாரம் எலியின் புற்றுக் கட்டியைக் குறைக்குமா என்ற உன் ஆய்வு வரைவைப் படித்தேன். விலங்கு நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் முன் ஒன்றை மாற்றிவிடு. எர்லிக் புற்றுச்செல்லையும் (ஆய்வகத்தில் எலியில் வளர்க்கும் புற்றுச்செல்) எலியின் வயிற்றுக்குள் ஊசியில் போடுகிறாய், 24 மணி நேரம் கழித்துக் கீழாநெல்லிச் சாரத்தையும் அதே வயிற்றுக்குள் போடுகிறாய். நிறையப் பேர் இப்படித்தான் செய்கிறார்கள். அது சோதனைக் குழாயில் இரண்டையும் கலப்பதற்குச் சமம். கீழாநெல்லியில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் அதிகம். பட்ட இடத்திலேயே செல் செத்துப்போகும். சாரம் ரத்தத்தில் ஏறியதா, கட்டியை எட்டியதா என்று அதில் தெரியாது. கட்டியைப் பின்தொடையில் வளர்த்து, சாரத்தை வாய்வழி கொடு.

1950களில் கனடாவில் நோபிளும் பீரும் நித்தியகல்யாணியைச் சர்க்கரை நோய்க்காகச் சோதித்தார்கள். வாய்வழி கொடுத்தபோது எலிக்குச் சர்க்கரை குறையவில்லை. ஊசியில் கொடுத்ததும் வெள்ளையணு சரிந்தது. குத்திய இடத்தில் அல்ல, தூரத்தில் இருந்த எலும்பு மஜ்ஜையில் வேலை நடந்திருந்தது. வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து அப்படித்தான் கிடைத்தது. உன் சாரம் வாய்வழியில் பலிக்காவிட்டால், தொடையில் கட்டி இருக்கும் எலிக்கு வயிற்றில் ஊசி போட்டுப் பார். அப்போதும் மருந்தும் கட்டியும் வேறு வேறு இடத்தில்தான் இருக்கும்.

செடியைக் கடையில் வாங்காதே. கீழாநெல்லி என்று விற்கும் கட்டுகளில் அதன் உறவுச் செடிகள் கலந்திருக்கும். காய் வழவழப்பாக, சின்னக் காம்போடு இருக்கிறதா பார். சொரசொரப்பாகத் தண்டோடு ஒட்டியிருந்தால் அது சிவப்புக் கீழாநெல்லி. தாவரவியலாளரிடம் காட்டி, மாதிரியை உலர்தாவரத் தொகுப்பில் சேர்த்து எண் வாங்கு. நிழலில் உலர்த்து. சாராயத்தில் (எத்தனால்) சாரம் இறக்கினால் 50 டிகிரிக்கு மேல் போகாமல் வற்றவை. எடை மாறாமல் நிற்கும்வரை விடாதே. மிச்சச் சாராயமும் செல்லைக் கொல்லும்.

அளவு: கிலோவுக்கு 200 மில்லிகிராம் என்றால் 25 கிராம் எலிக்கு 5 மில்லிகிராம். 0.25 மில்லியில் கொடுக்க, மில்லிக்கு 20 மில்லிகிராம் கலவை வேண்டும். 0.5 சதவீத சிஎம்சியில் (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், தூளைப் படியாமல் தாங்கும் கொழகொழப்பான கரைசல்) கலக்கு. சிஎம்சி மட்டும் கொடுக்கும் குழுவும் கட்டாயம்.

புற்றுச்செல்லை ட்ரிப்பான் ப்ளூவில் எண்ணு; செத்த செல்லில் மட்டும் ஏறும் சாயம் அது. நீலம் ஏறாதவை 95 சதவீதத்துக்குக் குறைந்தால் அந்தத் தொகுதி வேண்டாம். செல் எடுத்த எலியின் வயிற்று நீர் ரத்தமாக இருந்தாலும் வேண்டாம். மில்லிக்கு 1 கோடி செல் என்று வைத்து, எலிக்கு 0.1 மில்லி போடு. குழாயை மேசையில் வைத்தால் ஐந்து நிமிடத்தில் செல் அடியில் படிய ஆரம்பிக்கும். முதல் எலிக்கு ஒரு அளவும் பத்தாவது எலிக்கு வேறு அளவும் போகும். ஒவ்வொரு ஊசிக்கு முன்னும் குழாயை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்து. கட்டி தொட்டால் தெரியும் அளவுக்கு வந்தபிறகே குலுக்கல் முறையில் குழு பிரி. கட்டியை அளப்பவருக்கு எந்தக் குழு என்று தெரியக் கூடாது. நீளத்தை அகலத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகு: 10க்கு 8 மில்லிமீட்டர் என்றால் 320 கன மில்லிமீட்டர்.

எலியின் எடையைத் தினமும் எழுது, தின்ற தீனியையும் எடை போட்டு எழுது. சாரம் கசந்து எலி பட்டினி கிடந்தாலே கட்டி சிறுத்துவிடும், மருந்து வேலை செய்ததாகத் தோன்றும். தீனி குறைந்தால், அதே அளவு தீனி மட்டும் கொடுக்கும் குழு ஒன்றைச் சேர்.

எலி தானாகச் சாகட்டும் என்று காத்திருக்காதே. எடை 20 சதவீதம் இறங்கினாலோ, காலை ஊன்ற முடியாமல் போனாலோ, கட்டி புண்ணானாலோ வலியில்லாமல் முடித்துவிடு. அந்த வரம்பை வரைவிலேயே எழுது. இப்போது அதில் இல்லை.

திருத்தியதை அனுப்பு, படித்துவிட்டுக் கூப்பிடுகிறேன்.

அம்மா