முப்பத்திரண்டு முட்டைகள்

அன்புள்ள குமார்,

இங்கே நலம். அம்மாவுக்கு முட்டிவலி அப்படியேதான். போட்டோ வந்தது. 32 முட்டை! உன் மலைப்பாம்பு மீனா அவற்றைச் சுற்றிச் சுருண்டு, உடம்பை உதறி உதறியே சூடு கொடுக்கிறாள் என்று எழுதியிருந்தாய். எதிர்வீட்டு வாத்தியாரிடம்கூடக் காட்டினேன். டெக்சாஸில் அதற்கென்று பர்மிட் வாங்கி, பெட்டிக்கு இரண்டு பூட்டு போட்டு வளர்க்கிறான் என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

சரி, இரண்டு மாதத்தில் பொரிந்துவிடும். அப்புறம்? மூன்று வருடத்தில் ஒவ்வொன்றும் பத்தடியைத் தொடும், 20 வருடத்துக்கு மேல் உயிரோடிருக்கும். அத்தனையையும் யாரிடம் கொடுப்பாய்? ஆள் பார்த்துவிட்டு அல்லவா ஜோடி சேர்க்க வேண்டும்! ஃப்ளோரிடா சதுப்புக்காட்டில் இன்று பெருகிக் கிடப்பதெல்லாம் வளர்த்தவர்கள் விட்டதிலும் தப்பியதிலும் வந்த வம்சம்தானே. 2017ல் நம் செங்கல்பட்டுப் பக்கத்து இருளர்கள், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், அங்கே போய் நான்கு வாரத்துக்குள் 27 பாம்பு பிடித்தார்கள். 2023ல் பத்மஸ்ரீ வந்தது. வளர்த்தவன் எங்கேயோ நிம்மதியாக இருப்பான்.

இன்னொன்று. பெரிய பாம்பைத் தனியாகக் கையாளக் கூடாது, கூட ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று நீதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தாய். மீனா பதினாலு அடி. அடைகாக்கும்போது தின்னாது என்றால், பொரிந்ததும் எவ்வளவு பசியில் இருப்பாள்? கையில் முயல் வாடையோடு பெட்டியைத் திறக்காதே. தனியாகத் திறக்கவே திறக்காதே. வாசலில் எப்போதும் வித்யாவின் செருப்பு கிடக்கும், இந்தப் போட்டோவில் காணோம் என்கிறாள் அம்மா. நான் எதுவும் கேட்கவில்லை. கூட ஆள் இருக்கிறதா என்று மட்டும் எழுது.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, குமார். நம் நாய் மணி ஓடிப்போகவில்லை. நீ பத்தாவது பரீட்சைக்குப் போயிருந்த அன்று நான்தான் ஸ்கூட்டரில் வைத்துக் கொண்டுபோய் மதுராந்தகம் ஏரிக்கரையில் விட்டேன். படிப்பு கெடுகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வண்டிக்குப் பின்னால் கொஞ்ச தூரம் ஓடி வந்தது. ராத்திரி நீ டார்ச்சோடு தேடினாயே, நானும் கூடவே தெருத்தெருவாக ‘மணி, மணி’ என்று கூப்பிட்டுக்கொண்டு வந்தேன்.

மீனாவுக்கு முதல் தீனி போடும் நாளைச் சொல். ஆள் யாரும் வராவிட்டால் அன்றைக்குப் போடாதே. வந்தாலும் வீடியோ கால் போட்டு வை. போனில் பார்த்து நான் என்ன செய்துவிடப் போகிறேன்? இருந்தாலும் போட்டு வை.

அப்பா