எடைக்குப் போன பித்தளை

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது பரவாயில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் நான் சொல்வதில் பாதிதான் உன் காதில் விழும். எழுதி அனுப்பினால் பிள்ளை தூங்கிய பிறகு நிதானமாகப் படிப்பாய்.

அமெரிக்காவில் இருந்துகொண்டு ஈபே என்கிற ஆன்லைன் ஏலத்தில் விற்பதற்காக நீ என்னிடம் மூன்று விஷயம் கேட்டாய். ஊர்ப்பக்கம் போய்ப் பழைய பித்தளைச் சாமான் எது கிடைத்தாலும் வாங்கி வை, நூறு வருஷப் பழசாக இருந்தால் விட்டுவிடாதே, பார்சலில் கிஃப்ட் என்று எழுதி அனுப்பு. முதலாவதைச் செய்ய எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் கிடைத்ததையெல்லாம் வாங்க மாட்டேன். மற்ற இரண்டையும் செய்யவே மாட்டேன். கோபப்படாமல் முழுதும் படி.

நூறு வருஷக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். தொல்பொருட்கள், கலைக் கருவூலங்களுக்கென்று 1972ல் ஒரு சட்டம் வந்தது. நூறு வருஷமோ அதற்கு மேலோ ஆன சிலை, விளக்கு, வேலைப்பாடுள்ள உலோகச் சாமான் எல்லாம் அதில் தொல்பொருள். ஓலைச்சுவடி மாதிரி எழுத்துப் பிரதிகளுக்கு 75 வருஷமே போதும். இவற்றைத் தனி ஆள் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. மீறினால் ஆறு மாதத்திலிருந்து மூன்று வருஷம் வரை சிறை. உன் ஏலத்தில் எதற்குக் கூடுதல் விலை விழும் என்று நீ நினைக்கிறாயோ, சரியாக அதைத்தான் நாம் தொடக் கூடாது. நாற்பதிலிருந்து எண்பது வருஷம் வரை ஆன சாமான் நமக்குப் போதும். அதற்கும் அங்கே ஆள் இருக்கிறது என்று நீயே சொன்னாய். வயது சந்தேகமாக இருந்தால் தொல்லியல் துறையில் காட்டி, தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கிய பிறகே அனுப்புவேன். இன்னொன்றும் உண்டு. விளக்கிலோ மணியிலோ ‘உபயம்’ என்று எழுத்து வெட்டியிருந்தால், அது பத்து வருஷத்துச் சாமானாக இருந்தாலும் வாங்க மாட்டேன். அது ஏதோ ஒரு கோயிலுக்கு யாரோ நேர்ந்து கொடுத்தது.

கிஃப்ட் விஷயம். அங்கே 800 டாலர் வரை மதிப்புள்ள பார்சலுக்கு இருந்த இறக்குமதி வரிச் சலுகை 2025 ஆகஸ்ட் 29ஆம் தேதியோடு போய்விட்டது. அதனால்தான் நீ கேட்கிறாய், புரிகிறது. நூறு டாலருக்குள் அன்பளிப்பு என்றால் வரி இல்லைதான். ஆனால் நீ விற்கப் போகும் சாமான் எப்படி அன்பளிப்பு ஆகும்? அம்மா உனக்கு அனுப்பும் ஊறுகாய்தான் அன்பளிப்பு. நான் ஆன்லைனில் 500 ரூபாய் கட்டி ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டு எண் வாங்கிவிட்டேன். வியாபாரச் சாமான் என்றே எழுதி அனுப்புகிறேன். வரியை அடக்க விலையில் முதலிலேயே சேர்த்துக்கொள். சேர்த்த பிறகும் லாபம் நிற்கிறதா என்று பார். நிற்காவிட்டால் அந்தச் சாமானை வாங்கவே வேண்டாம்.

இனி கொள்முதலுக்கு வருகிறேன். இதைத்தான் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

நம் கடை வெண்கலக்கடைத் தெருவில் இருந்த காலம் உனக்குக் கொஞ்சம் நினைவிருக்கும். எண்பதுகளில் வீட்டுக்கு வீடு எவர்சில்வர் மோகம். பாட்டி காலத்துப் பித்தளை அண்டா, தவலை, செம்பு, தூக்குவாளி எல்லாவற்றையும் சாக்கில் கட்டிக்கொண்டு வருவார்கள். நான் எடை போட்டு, பழைய பித்தளை விலையைக் கழித்துக்கொண்டு, புது எவர்சில்வர் குடமும் டபராவும் கொடுப்பேன். வந்த பித்தளையைச் சுத்தியலால் நசுக்கிச் சாக்கில் அடைத்து உருக்கப் பட்டறைக்கு அனுப்புவோம். நசுக்கினால்தான் இடம் பிடிக்காது. பல்லுப் பல்லாகக் கோத்துப் பற்றவைத்த பழைய தவலைகள், கைப்பிடியில் மயில் வார்த்த தூக்குகள், பேர் வெட்டிய சீர்வரிசைச் செம்புகள் என்று என் கையாலேயே எத்தனை நசுக்கினேன் என்று கணக்கே இல்லை. அது என்ன பொருள் என்று எனக்கும் தெரியவில்லை, கொண்டுவந்தவர்களுக்கும் தெரியவில்லை. நீ அனுப்பிய படங்களில் ஒரு வெற்றிலைப்பெட்டி 140 டாலருக்கு ஏலம் போயிருந்ததே, அதே அச்சில் செய்த பெட்டிகள் என் தராசில் ஏறி இறங்கியிருக்கின்றன. அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, பாப்பா.

நான் அன்று தெரியாமல் எடைக்கு வாங்கினேன். இன்று எனக்குத் தெரியும். தெரிந்த பிறகு எடைக்கு வாங்க மாட்டேன். ‘கொள்முதலில்தான் லாபம்’ என்று தெருவில் எல்லோரும் சொல்வார்கள், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த லாபம் நம் கண்ணுக்கும் அலைச்சலுக்கும் கிடைக்கிற கூலியாக இருக்கணும், விற்கிறவருக்கு விலை தெரியாததால் வந்ததாக இருக்கக் கூடாது.

போன வாரம் மேலூர் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எழுபத்தெட்டு வயது ஆத்தா ஒருத்தர். பரணிலிருந்து ஒரு பாக்குவெட்டியை எடுத்துவந்தார். காயலான் கடைக்காரர் 150 ரூபாய் சொல்லிவிட்டுப் போனாராம். வாங்கிப் பார்த்தேன். ஒரு சாண் நீளம். வெட்டும் அலகு இரும்பு, பிடி பித்தளை, தலையில் கிளி மூக்கு. தீட்டித் தீட்டி அலகு நடுவில் பிறை மாதிரி உள்வாங்கியிருக்கிறது. பாக்கு உட்காரும் குழி வழவழவென்று தேய்ந்திருக்கிறது. கிளியின் இறகு வரிகளுக்குள் சுண்ணாம்பு இன்னும் வெள்ளையாக ஒட்டியிருக்கிறது. பிடியில் கட்டைவிரல் படுகிற இடம் மட்டும் பளபளப்பு, மற்ற இடமெல்லாம் கருப்பேறிய தேன் நிறம். கல்யாணமான வருஷம் அழகர் திருவிழாவுக்கு வந்தபோது அவர் வீட்டுக்காரர் கடைவீதியில் வாங்கிக் கொடுத்ததாம். இந்த ஒரு வாக்கியத்திலேயே சாமானுக்கு அறுபது வருஷத்தை ஒட்டித்தான் வயது என்று தெரிந்துபோயிற்று. சட்டத்துக்கும் பதில் கிடைத்தது, உன் வாடிக்கையாளருக்குச் சொல்லக் கதையும் கிடைத்தது.

நான் 900 ரூபாய் கொடுத்தேன். இது அமெரிக்காவுக்குப் போகிறது, அங்கே இதைவிடக் கூடுதலாக விற்போம் என்றும் சொன்னேன். ஆத்தா கேட்டது: “அங்கிட்டும் வெத்தல போடுவாகளா?” இல்லை, கண்ணாடி அலமாரியில் வைப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுத்தார். மறுநாள் அதே தெருவிலிருந்து இரண்டு பேர் எனக்குப் போன் செய்தார்கள். விலையைச் சொல்லி வாங்கினால் சாமான் தானாக வரும்.

அதனால் இனி எது வாங்கினாலும் வீட்டுக்காரர் சொல்வதை ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். எந்த ஊர், எப்போது வாங்கியது, எதற்குப் பயன்பட்டது என்று மட்டும். பேர் போட வேண்டாம். அதை நீ விவரத்தில் அப்படியே எழுது. தரகரிடமோ கடையிலோ வாங்கினால் இந்தக் கதை கிடைக்காது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்கு வேண்டுமானால் வருஷத்துக்கு இரண்டு தடவை போகிறேன். அங்கே சுவீடன் எனாமல் தூக்குகளையும் பழைய மரச் சாமான்களையும் பார்த்துக் கண்ணைப் பழக்கலாம். வாங்கி விற்க அங்கே லாபம் நிற்காது, வெளிநாட்டு விலை அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

கண் பழகாமல் நானும் ஏமாந்திருக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் வெளியூர்க் கடை ஒன்றில் பழசு என்று மூன்று குத்துவிளக்கு, ஒன்று 4,200 ரூபாய் என்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து மறையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே புத்தம் புது மஞ்சள், கடைசல் கோடு அப்படியே இருந்தது. வெளியில் மட்டும் அமிலம் தடவிக் கருக்கியிருந்தார்கள். பழைய விளக்கில் கருப்பு ஒரே சீராக இருக்காது. திரி போடும் மூக்கில் எண்ணெய்க் கசடு ஏறியிருக்கும், கை பிடிக்கும் தண்டு தேய்ந்திருக்கும், அடித்தட்டின் கீழே தரை உரசிய கோடு பல பக்கமும் ஓடும். எனவே கழற்ற முடிந்ததைக் கழற்றிப் பார்க்காமல் இனி பணம் கொடுப்பதில்லை.

இன்னொன்று, அம்மாவோடு இதில் எனக்குத் தினமும் சண்டை. நான் வாங்கி வந்ததும் புளியும் சாம்பலும் போட்டுத் தங்கம் மாதிரி தேய்த்துவிடுகிறாள். நம் வீட்டுக்கு அது சரி. ஆனால் சேகரிப்பவர்களுக்கு அந்தப் பழைய நிறம்தான் வேண்டும், தேய்த்தால் விலை பாதியாகக் கூட இறங்கலாம். ஈரத் துணியால் துடைத்தால் போதும். அம்மாவிடம் நீயே ஒரு தடவை சொல், நீ சொன்னால் கேட்பாள்.

ஏலத்தைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை என்று நினைப்பாய். ஆனாலும் நான் ஏலச்சீட்டும் அடகு நகை ஏலமும் நிறையப் பார்த்தவன். ஒரு தரம், இரண்டு தரம் என்று கூவும்போது விலையை ஏற்றுவது ஜெயிக்கிறவர் இல்லை, அவருக்கு அடுத்து நிற்கிறவர். உன் ஈபேயிலும் அதுதானே? ஒருவர் 200 டாலர் வரை போகலாம் என்று போட்டு வைத்தாலும் அடுத்தவர் 40ல் நின்றுவிட்டால் 40ஐ ஒட்டித்தான் முடியும். எனவே இரண்டு பேராவது நிச்சயம் சண்டை போடும் சாமானை மட்டும் ஏலத்தில் விடு. பாக்குவெட்டி அப்படிப்பட்டது, சேகரிப்பவர்கள் பல நாட்டில் இருக்கிறார்கள். பல்லாங்குழி, அஞ்சறைப்பெட்டி எல்லாம் நம் ஊர்க்காரர் ஒருவர் எப்போதாவது தேடி வருவார். அவற்றுக்கு விலை எழுதி வைத்துவிட்டுக் காத்திரு. விலை பார்க்கும்போதும் மற்றவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதே, விற்று முடிந்ததை மட்டும் தனியாகப் பிரித்துப் பார். கேட்பதற்கு யாரும் என்ன வேண்டுமானாலும் கேட்கலாம்.

பழைய நாணயம், பழைய ஐந்து ரூபாய் நோட்டு லட்சக்கணக்கில் போகும் என்று வரும் செய்திகளை நம்பிப் பணம் கட்டிவிடாதே. ரிசர்வ் வங்கியே 2021ல் எச்சரித்தது.

அப்புறம் எடை. பித்தளையின் எடையைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுவார்கள், ஆனால் கூரியரில் பெட்டியின் அளவும் அடிக்கும். நீளம், அகலம், உயரத்தை சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுத்து வருவதையும் எடையையும் பார்த்து, எது கூடுதலோ அதற்குத்தான் காசு. 40க்கு 30க்கு 30 பெட்டியில் நாலு கிலோ விளக்கை வைத்தால் 7.2 கிலோவுக்குக் கட்ட வேண்டும். அதனால் விளக்கைக் கழற்றிச் சின்னப் பெட்டியில் அடுக்குகிறேன். அண்டா, தவலை எல்லாம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம், உள்ளே இருக்கும் காற்றுக்குக் காசு கட்ட முடியாது. விளாச்சேரி மண் பொம்மையும் வேண்டாம், உடைந்து போய்ச் சேர்ந்தால் பணமும் போகும், பேரும் போகும்.

புதுச் சாமானில் ஒன்று சொல்கிறேன், யோசித்துப் பார். துணியில் கையால் முடிச்சு போட்டுச் சாயம் ஏற்றும் மதுரைச் சுங்குடிச் சேலை. 2005லேயே புவிசார் குறியீடு வாங்கியது. மடித்தால் கை அகலம்தான், உடையாது, வயதுச் சட்டமும் இல்லை. ஆனால் கடைகளில் நிறைய அச்சடித்ததுதான் கிடைக்கிறது. முடிச்சு போட்டதில் புள்ளிகள் ஒன்றுபோல ஒன்று இருக்காது, முடிச்சு இருந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கி மேடு தட்டும். கையால் முடிச்சு போடுகிற குடும்பங்களிடம் நேரில் விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அவர்கள் சொல்லும் கூலியைக் குறைக்காமல் உனக்குக் கட்டுபடியாகுமா என்று கணக்குப் போட்டு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

இப்போது பீரோவில் இருப்பது பாக்குவெட்டி இரண்டு, சுண்ணாம்புக் கரண்டகம் நாலு, பித்தளை காபி பில்டர் ஒன்று, கழற்றிய குத்துவிளக்கு ஒரு ஜோடி. ஒவ்வொன்றையும் அடியிலிருந்தும் மறையிலிருந்தும் படம் எடுத்து நாளைக்கு அனுப்புகிறேன், அடக்க விலையும் எழுதியிருக்கிறேன். எது வேண்டும், எது வேண்டாம் என்று வியாழக்கிழமைக்குள் சொல். வெள்ளிக்கிழமை தலைமைத் தபால் நிலையத்துக்குப் போகிறேன். அந்தக் கிளி மூக்குப் பாக்குவெட்டியின் அலகுக்கு அட்டை வைத்து நூல் சுற்றியிருக்கிறேன், பிரிக்கும்போது கையைப் பார்த்துக்கொள். விற்றதும் எவ்வளவுக்குப் போனது என்று மறக்காமல் சொல். ஆத்தாவிடம் போய்ச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா